டவுனுக்குள் ஒரு வீடு: டெல்டாவில் எந்த ஊர்?

ஓய்வு பெற்ற மறுமாதமே வேளச்சேரி மூன்றாம் மாடியைக் காலி செய்வது என்று முடிவாகிவிட்டது. எங்கே போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. நான், மனைவி, 79 வயது அம்மா. மூன்று பேர், நான்கு கருத்து. நான்காவது, பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னது.

டெல்டா பக்கம் போய்விடலாம் என்றதும் நண்பர்கள் எல்லோரும் காட்டியது புறவழிச்சாலை ஓரத்து மனைகளைத்தான். காற்று வரும், சத்தம் இருக்காது, கார் நிறுத்த இடம் உண்டு என்றார்கள். எங்களிடம் கார் கிடையாது. கண்புரை அறுவைக்குப் பிறகு ஸ்கூட்டரையும் விற்றுவிட்டேன். மனைவி ஒரே பேச்சில் முடித்தாள்: "கறிவேப்பிலை வாங்க ஆட்டோ பிடிக்கும் இடத்துக்கு நான் வர மாட்டேன். டவுனுக்குள் பாருங்கள்."

எங்கள் பூர்வீகம் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே "டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று ஒருவர் கிளம்பினால் அவர் கும்பகோணத்துக்குப் போகிறார் என்று பொருள். துணி, பாத்திரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதுதான் டவுன். அந்தச் சாய்வு என்னிடம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். படிப்பவர்கள் அதற்கான மதிப்பெண்ணைக் கழித்துக்கொள்ளலாம்.

புரட்டாசிக் கடைசியில் கிளம்பி ஐப்பசி முடியும்வரை ஐந்து ஊர்களில் ஊருக்கு நான்கைந்து நாள் தங்கினோம்: மயிலாடுதுறை, திருவாரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம். மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தது வேண்டுமென்றேதான். தை மாதத்தில் பார்த்தால் டெல்டாவில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒரே தெருவைக் காலை ஆறு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் நடந்து பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. அளவுகோல் அம்மாவின் நடை. கைத்தடியோடு கால்மணி நேரத்துக்குள் காய்கறி, மருந்துக்கடை, ஒரு கோயில், காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம், இந்த நான்கும் எட்ட வேண்டும். இரவு நடையில் நானாகச் சேர்த்துக்கொண்ட சோதனை ஒன்றும் உண்டு. கடைகளுக்கு மேலே உள்ள மாடிகளில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவேன். கடைத்தெருவின் மாடிகள் இருண்டு கிடந்தால் அங்கே சரக்கு குடியிருக்கிறது, மனிதர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

மயிலாடுதுறையை 'ஆயிரமானாலும் மாயூரம் ஆகாது' என்பார்கள். 2020 டிசம்பரில் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. மணிக்கூண்டு, பட்டமங்கலத் தெரு, மகாதானத் தெரு என்று கடைத்தெரு நடக்கத் தக்க அளவில்தான் இருக்கிறது. மயூரநாதர் கோயிலும் பக்கம், காவிரித் துலாக்கட்டமும் எட்டும் தூரம். நாங்கள் போனது ஐப்பசி என்பதால் துலா ஸ்நானத்துக்கு வந்தவர்கள் ஈரத் துணியோடு தெருவில் நடந்து போவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. ஆனால் ரயில் ஜங்ஷன் டவுனைவிட்டுத் தள்ளி இருக்கிறது. இரவு ரயிலுக்கு ஆட்டோவை நம்ப வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அம்மாவின் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தபடி மனைவி என்னைப் பார்த்தாள். அடுத்த ஊருக்குக் கிளம்பினோம்.

அழகு மட்டும்தான் கணக்கு என்றால் திருவாரூரோடு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லும் ஊர் அது. கமலாலயக் கரையில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. ஒரு தெருவின் பெயரே வடம்போக்கித் தெரு. இந்த ஊரில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நம் ஊர்களின் நடுப்பகுதியில் நடக்க இடம் இருக்கிறது என்றால் அந்த இடத்தை விட்டுவைத்தது பெரும்பாலும் தேர்தான். ஆழித்தேர் திரும்ப வேண்டிய முனையில் யாரும் திண்ணையை நீட்ட முடியாது, மாடிச் சுவரை வெளியே தள்ள முடியாது. நகராட்சி விதியை மீறுகிறவர்கள்கூடத் தேருக்கு வழிவிடுவார்கள். அன்றிலிருந்து எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் தேரோடும் வீதி எது என்று கேட்கத் தொடங்கினேன்.

திருவாரூரை ஏன் விட்டோம்? ஊர் சீக்கிரம் தூங்கிவிடுகிறது. சென்னையில் முப்பது வருடம் இருந்து கெட்டுப்போன எங்களுக்கு ஒன்பதரை மணிக்கு ஆளில்லாத தெரு அமைதியாகத் தோன்றவில்லை, கவலையாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் வருத்தம். தியாகராஜரைவிட்டு வர மனமில்லை.

திருச்சியில் முதல் சிக்கல், டவுன் எது என்பதே. ஜங்ஷனும் மத்தியப் பேருந்து நிலையமும் இருக்கும் கன்டோன்மென்ட் ஒன்று. மலைக்கோட்டையைச் சுற்றிய கடைவீதிகள் இன்னொன்று. மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் நிறைந்த தில்லைநகர் புதிய பணக்கார டவுன். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம், நான்காவதாக, தனக்குத்தானே தலைநகர். ஒரே மாநகராட்சிக்குள் நான்கு நடு.

மலைக்கோட்டைப் பகுதிதான் பழைய டவுன். மெயின்கார்டு கேட் வழியாக நுழைந்தால் என்.எஸ்.பி. ரோடு, தெப்பக்குளம், சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி. அப்படியே நடந்தால் காந்தி மார்க்கெட். கோட்டை அகழி தூர்ந்துபோன இடத்தில் போட்ட சாலைகளுக்கு வெள்ளைக்காரன் பூல்வார்டு என்று பெயர் வைத்தான். நம் ஆட்கள் அதை மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் பேத்தி ஒருமுறை புலி எங்கே என்று கேட்டாள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்.எஸ்.பி. ரோட்டில் நின்றால் புலிகூடக் காவிரிக்கு ஓடிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

காலை ஆறு மணிக்கு அந்தத் தெரு உண்மையில் அழகு. ஒரு பக்கம் தாயுமானவர் மலை, எதிரே லூர்து மாதா ஆலயத்தின் கூர்ந்த கோபுரம். அதைத் தாண்டினால் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்து சேர்ந்த புனித வளனார் கல்லூரி. சில நிமிட நடையில் நத்தர்வலி தர்கா. மூன்று மதத்தவரும் ஒரே கடைத்தெருவில் சரக்கு வாங்கும் ஊர் என்பதைத் திருச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது.

பகல் ஒரு மணிக்குப் பாறை சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. நடைபாதை முழுவதும் தரைக்கடைகள். நான் தரைக்கடைகளுக்கு எதிரி அல்ல. இருநூறு ரூபாய்க்கு நல்ல போர்வை வேறெங்கே கிடைக்கும்? ஆனால் கைத்தடி ஊன்றி நடக்கிறவருக்கு அங்கே அடி வைக்க இடமில்லை. தெப்பக்குளத்தின் கரையில் உட்காரலாம் என்று பார்த்தால் குளம் கம்பி வேலிக்குள் இருக்கிறது. அந்த வேலியில் பைகளும் பெல்ட்டுகளும் தொங்குகின்றன. உட்கார வேண்டும் என்றால் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து காபி வாங்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மாடிகளை எண்ணினேன். கடைவீதியில் பாதிக்கு மேல் இருட்டு. அந்த நேரத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் லாரிகள் வரத் தொடங்குகின்றன. மொத்த வியாபாரத்தை அங்கிருந்து நகர்த்தக் கள்ளிக்குடியில் புதிய வளாகமே கட்டினார்கள். வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். தொழிலுக்கு அது நல்லதோ கெட்டதோ, பக்கத்துத் தெருவில் படுத்துத் தூங்க நினைக்கிறவருக்கு விடிகிறவரை பெட்டி இறக்கும் சத்தம்தான்.

கன்டோன்மென்ட் தங்கும் விடுதிகளின் டவுன். வாழ்வதற்கு அங்கே தெரு என்று ஒன்று உருவாகவே இல்லை. 2025இல் வெளியூர் பேருந்துகள் பஞ்சப்பூர் புதிய முனையத்துக்குப் போன பிறகு நெரிசல் குறைந்திருக்கிறது என்று ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

திருச்சியில் குடியிருப்பதென்றால் ஸ்ரீரங்கம்தான். ஏழு திருச்சுற்றுகளில் வெளிச் சுற்றுகள் ஊராகவே இருக்கின்றன. கோயில் மதிலுக்குள் பால்காரர், தையல்காரர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு எல்லோரும் குடியிருக்கிறார்கள். சித்திரைத் தேர் ஓடுவதால் சித்திரை வீதி. என் தேர் விதி இங்கேயும் சரியாக இருந்தது. அகலமான தெரு, இரவில் மாடிகளில் விளக்கு, திண்ணைகளில் ஆட்கள். சென்னை ரயில்கள் பல நிற்கும் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா இரண்டே நாளில் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டாள்.

குறை என்ன? ஸ்ரீரங்கம் எல்லோருக்கும் பிடித்துப்போன ஊர். ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், முதலீடாக அடுக்கக வீடு வாங்கியவர்கள் எல்லோரும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். நாங்கள் பார்த்த ஐந்து ஊர்களில் அதிக வாடகை கேட்டது இங்கேதான். வைகுண்ட ஏகாதசி நாட்களில் சொந்த வீட்டுக்குப் போகவே அடையாள அட்டை காட்டவேண்டியிருக்கும் என்று ஒரு பெரியவர் சிரித்தார். அவர் முழுக்க விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. இன்னொன்று என் மனைவியின் கவனிப்பு: "இங்கே எல்லோரும் நம் வயசு." அது எனக்குப் பாராட்டு மாதிரி கேட்டது. அவள் குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

தஞ்சாவூரை எல்லோரும் பெரிய கோயிலோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயில் 1010இல் முடிந்தது. நாங்கள் வீடு தேடியது அரண்மனையைச் சுற்றிய நான்கு ராஜவீதிகளில். மேலவீதி, வடக்குவீதி, கீழவீதி, தெற்குவீதி. நாயக்கர்களும் மராட்டியர்களும் வளர்த்த டவுன் இது. பெரிய கோயில் தேர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடாமல் கிடந்து, புதிதாகத் தேர் செய்து 2015இல்தான் மீண்டும் இந்த வீதிகளில் ஓடியது. நூறு வருடம் தேர் வராதபோதும் வீதிகளின் அகலம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. அது தஞ்சாவூர்க்காரர்களின் நிதானத்தைக் காட்டுகிறது. சோம்பல் என்று சொல்கிறவர்களும் உண்டு.

மேலவீதியில் காலை ஆறு மணி நடை இந்தப் பயணத்திலேயே சிறந்த அரைமணி நேரம். பங்காரு காமாட்சி கோயில், கொங்கணேசுவரர் கோயில் என்று வரிசையாக மணியோசை. சியாமா சாஸ்திரி பூசை செய்த அம்மன் அந்தக் காமாட்சி. பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வரிசைமுறையைக் கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரும் இந்த ஊர் அரண்மனையில் ஆசான்களாக இருந்தவர்கள்தான். வாசலில் கோலம், மரத்தூண் வைத்த பழைய வீடுகள், உள்ளே எங்கோ வீணைச் சுதி. வீதிக்குப் பக்கத்திலேயே அய்யன்குளம். சிவகங்கைக் குளத்திலிருந்து நிலத்தடிப் பாதை வழியாக அதற்குத் தண்ணீர் வந்து சேரும் பழைய அமைப்பை ஸ்மார்ட் சிட்டி வேலையின்போது தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஸ்மார்ட் சிட்டி என்றால் கிரானைட் பெஞ்சும் எல்.இ.டி. விளக்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது நல்ல ஆச்சரியம். முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய பொறியாளனின் குழாயைத் தூர் எடுத்ததுதான் அந்தத் திட்டத்தில் நான் பார்த்த புத்திசாலித்தனமான வேலை.

பகல் ஒரு மணிக்கு வெயில் கொஞ்சம் கடுமை. காவிரி ஊருக்குள் வருவதில்லை. கல்லணைக் கால்வாய் மட்டும் ஆற்றுப்பாலத்துக்கு அடியில் ஓடுகிறது. ஊரார் அதைப் புது ஆறு என்பார்கள். 1930களில் வெட்டியது இன்னும் புதிதாகவே இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மேலவீதியில் முக்கால்வாசி மாடிகளில் விளக்கு. ஆட்டோ சத்தம் கேட்டது, லாரி சத்தம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், முன்பின் தெரியாத என் அம்மாவை "உட்காருங்கள், கால் வலிக்கும்" என்று கூப்பிட்டார். அந்த நிமிடமே அம்மாவின் வாக்கு தஞ்சாவூருக்கு விழுந்துவிட்டது.

சரி, குறைகள். தஞ்சாவூரின் வேலை ஒரு பக்கம், அழகு ஒரு பக்கம். பழைய பேருந்து நிலையம், ராஜா மிராசுதார் மருத்துவமனை, காந்திஜி சாலை, ரயில் நிலையம் என்று ஊரின் ஓட்டம் தெற்கே போய்விட்டது. காமராஜ் மார்க்கெட் கீழவாசல் பக்கம். மேலவீதியிலிருந்து அம்மா நடந்து போகிற தூரம் அல்ல. காய்கறி வண்டி வாசலுக்கு வரும் என்றார்கள். வரும்தான், ஆனால் வண்டிக்காரர் கொடுப்பதுதான் காய். பத்துக் கடை ஏறி இறங்கி வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கும் சுகத்தை விட்டுவிட வேண்டும். வெளியூர் பஸ்ஸுக்குப் புதிய பேருந்து நிலையம் போக வேண்டும், அதுவும் ஊருக்கு வெளியே. நான்கு வீதிகளும் அருங்காட்சியகத்துக்கு வெளியே விட்ட முற்றம் போல இருக்கின்றன. அந்த முற்றத்தில் வாழலாம். ஆனால் வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் வெளியே கிளம்ப வேண்டும்.

கும்பகோணத்தில் எல்லாமே நெருக்கம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். விரிய இடமில்லாததால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. சாரங்கபாணி கோயிலின் முதுகுக்கும் கும்பேசுவரர் கோயிலின் முகத்துக்கும் நடுவில் பொற்றாமரைக் குளம். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பாத்திரக் கடைகள், இன்னும் ஐந்து நிமிடத்தில் பெரிய தெரு, நாகேசுவரர் கோயில். அதைத் தாண்டினால் மகாமகக் குளம், குளத்திலிருந்து நடந்தால் ரயில் நிலையம். அம்மாவின் கால்மணி நேரத்துக்குள் நான்குக்கு நான்கும் வந்தது இந்த ஊரில் மட்டும்தான். வெற்றிலைக்கடை, நாட்டு மருந்துக்கடை, விளக்குத்திரி விற்கிறவர், குடை ரிப்பேர்க்காரர் எல்லோரும் இலவச இணைப்பு.

இந்த ஊரின் நடுத்தெருவைச் சுற்றுலாக் கண்ணோடு பார்க்கிறவர்கள் கோயில்களை எண்ணுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் தற்பெருமை இல்லாத சரித்திரம். 1904இல் இங்கே தொடங்கிய ஒரு சிறிய வங்கி இன்று நாடெங்கும் கிளை விரித்த சிட்டி யூனியன் வங்கி. தலைமை இன்னும் இந்த ஊரிலேயே இருக்கிறது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சாதாரண ஓட்டு வீடு, கணிதமேதை ராமானுஜன் வளர்ந்தது. பக்கத்து வீட்டில் அப்பளம் காய்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் 1854இல் தொடங்கிய கல்லூரி. ஆனி பிறக்கும் சமயத்தில் மேட்டூரைத் திறந்தால் தை வரை பெரும்பாலும் காவிரியில் தண்ணீர் இருக்கும். படித்துறை ஏதாவது ஒன்றில் கால் நனைத்துக்கொண்டு உட்காரலாம். ஆறு காய்ந்த மாதங்களுக்கு மகாமகக் குளம் இருக்கிறது. ஆறு ஏக்கருக்கு மேல், நான்கு பக்கமும் படிகள், சுற்றிப் பதினாறு மண்டபங்கள். மாலையில் படிக்கும் பையன்கள், சண்டை போட்ட தம்பதிகள், பொரி விற்கிறவர். யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. டிகிரி காபி என்ற பெயர்ப் பலகை நெடுஞ்சாலை முழுக்க வந்துவிட்டது. கடப்பா அப்படிப் பயணம் போகவில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் அந்தக் குழம்பை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட இன்னும் இங்கேதான் வர வேண்டும். இதற்கு மதிப்பெண் போடக் கூடாது என்று மனைவி சொன்னதால் போடவில்லை.

இப்போது குறைகள். இவை கொஞ்சம் அல்ல. நடைபாதை என்ற ஒன்றே இல்லை. சனி ஞாயிறு நவக்கிரக சுற்றுலா வேன்கள் கும்பேசுவரர் கோயில் பக்கம் சிக்கிக்கொண்டு ஹாரன் அடிக்கும் சத்தம் குளத்தில் எதிரொலிக்கிறது. மழை நின்ற இரண்டாம் நாள் நாங்கள் தங்கிய தெருவில் கணுக்கால் தண்ணீர். கொசு இந்த ஊரின் நிரந்தரக் குடிமகன். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் கிடைத்த ஸ்மார்ட் சிட்டி பணம் இதற்குக் கிடைக்கவில்லை. மாநகராட்சி ஆனதே 2021இல்தான். மாவட்டமாக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பக்கத்து மயிலாடுதுறை முந்திக்கொண்டது.

நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. 2004 ஜூலை 16 அன்று இந்த ஊரின் ஒரு தெருவில், குறுகலான பள்ளிக் கட்டடத்தின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதை நினைக்காமல் இங்கே வீடு பார்க்க என்னால் முடியவில்லை. எந்தச் சந்துக்குள் அழைத்துப் போனாலும் தரகரிடம் முதலில் ஒன்றைக் கேட்டேன்: தீயணைப்பு வண்டி வாசல்வரை வருமா? மூன்று நல்ல வீடுகளை அந்த ஒரு கேள்வியால் விட்டேன். தரகருக்கு என்மேல் கோபம்.

இங்கேயும் தேர் விதி உதவியது. சாரங்கபாணியின் சித்திரைத் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. அது போகும் வழியில் உள்ள வீதிகளுக்குத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் தாராளமாக வரும். அந்த வீதிகளில் இரவு மாடிகளை எண்ணப் போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் விளக்கு. கீழே நகைக்கடை, மேலே பாட்டு வகுப்பு. கீழே எவர்சில்வர், மேலே ஒரு பையன் உரக்கப் பாடம் படிக்கிறான்.

மருத்துவத்தையும் ரயிலையும் தனியாக ஒப்பிட்டோம். ஏனென்றால் மகனின் கருத்து முழுக்க அதுதான். திருச்சிக்கு நிகர் டெல்டாவில் இல்லை. புத்தூரில் அரசு மருத்துவமனை, தில்லைநகர் பக்கம் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக. விழுப்புரத்திலிருந்து குறுக்கே வரும் கார்டு லைன் ரயில் பாதையில் இருப்பதால் வந்தே பாரத் சுமார் நான்கு மணி நேரத்தில் எழும்பூர் போய்விடுகிறது. விமான நிலையத்தின் புதிய முனையமும் 2024 ஜனவரியில் திறந்தாயிற்று. தஞ்சாவூருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இரவு ரயிலாக உழவன் இருக்கிறது. கும்பகோணத்துக்கும் அதே உழவன்தான். பகலில், மயிலாடுதுறை வழியாகச் சுற்றிப் போகும் மெயின் லைனில் சென்னைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். பெரிய நோய் என்றால் 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்கு ஓட வேண்டும். டயாலிசிஸ், புற்றுநோய், இதய நோய் என்று தொடர் சிகிச்சை இருப்பவர்கள் வீட்டில் ஓட்டெடுப்பே நடத்த வேண்டாம். திருச்சிக்குப் போய்விடுங்கள், வாடகை கட்டுப்படியானால் ஸ்ரீரங்கம். அம்மாவுக்கு இருப்பது ரத்த அழுத்தமும் முழங்காலும். அதற்குத் தெருமுனை டாக்டர் போதும். மகன் ஒத்துக்கொள்ள மூன்று தொலைபேசி அழைப்பு ஆயிற்று.

வாடகை திருச்சியைவிடத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் குறைவு. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பழைய வீடுகளில் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேழியும் முற்றமும் பார்த்து மயங்கிவிட்டுக் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. மழை இரவில் எண்பது வயதுக்காரர் முற்றத்தைத் தாண்டி நடப்பது கவிதை அல்ல. கோயிலைச் சுற்றிய தெருக்களில், எந்த ஊர் என்றாலும், சில வீட்டுக்காரர்கள் உங்கள் பெயருக்கு அடுத்த கேள்வியாக எதைக் கேட்பார்கள் என்பது தெரிந்ததே. அந்தக் கேள்வி வந்த இடங்களில் நாங்கள் காபி குடிக்காமலேயே எழுந்து வந்தோம்.

கடைசியில் போட்டி தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும்தான். அம்மா தஞ்சாவூர், மனைவி கும்பகோணம், மகன் நடுநிலை. நான் இரண்டு நாள் யோசித்தேன். மேலவீதியின் காலை அரைமணி நேரம் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் மீதி இருபத்துமூன்றரை மணி நேரத்துக்கு மார்க்கெட்டும் ரயிலும் மருந்துக்கடையும் வேண்டும். பத்து வருடம் கழித்து அம்மாவின் கைத்தடி என் கைக்கு வரும்போது தெற்கே கிளம்பிப் போக எனக்கும் முடியாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தத் திண்ணைக்காரம்மாளைப் பார்க்க மாதம் ஒருமுறை அழைத்துப்போவாயா?" என்று கேட்டாள். பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரம்தானே, ஒப்புக்கொண்டேன்.

பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்தில், தேர் போகும் வீதியில், துணிக்கடைக்கு மேலே முதல் மாடி அமைந்தது. படிகள் பதினாறு, பிடிமானக் கம்பி உண்டு. கழிப்பறை உள்ளேயே. முன்பணம் கொடுத்துக் கைகுலுக்கிய பிறகு வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரே ஒரு விஷயம் சார். 2028 மாசியில் மகாமகம். என் பெரியப்பா வீட்டார் நாற்பது பேர் வருவார்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கூடத்தை எங்களுக்கு விட்டுத்தர முடியுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து பதினெட்டுப் பேர் வருவதாக அதே காலையில்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.